கரித்தூளா, காந்தத் துகளா, நிரப்புக்குழாயா: பல்லேடியத்தை எதில் ஏற்றுவது?

கரிம வேதியியல் ஆய்வு மாணவர்களிடமிருந்தும், மருந்து இடைப்பொருள் தயாரிக்கும் சின்ன கம்பெனிகளில் இருப்பவர்களிடமிருந்தும் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. இரண்டு கரிமத் துண்டுகளை கார்பன்-கார்பன் பிணைப்பால் சேர்க்கும் சுசுகி இணைப்பு வினைக்கு வினையூக்கியாகப் பல்லேடியம் போடுகிறோம், வினை முடிந்ததும் அதைப் பிரித்தாக வேண்டும். காந்த நானோ துகளில் ஏற்றிய வினையூக்கிக்கு மாறலாமா, பழைய பல்லேடியம்-கரியே போதுமா?

கேள்வி வருவதற்குக் காரணம் ஒரு போட்டோ. இந்தத் துறையின் கட்டுரைகளில் அது தவறாமல் இருக்கும். இடப்பக்கம் கறுப்பாகக் கலங்கிய குப்பி, வலப்பக்கம் அதே குப்பி தெளிந்து நிற்கிறது, கண்ணாடிக்கு வெளியே ஒரு நியோடிமியம் காந்தம், உள்ளே சுவரோரம் ஒட்டிய கறுப்புத் துகள். பார்க்க அழகுதான். ஆனால் காந்தம் பிடிப்பது துகளை. நமக்குப் பிடிபட வேண்டியது பல்லேடியம். துகள் முழுக்கத் திரும்பி வந்தும் பல்லேடியம் கரைசலோடு போய்விடலாம். கீழே சொல்லும் ஒப்பீடு முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

## எதை வைத்து அளப்பது

விளைபொருளில் மிஞ்சும் உலோகம். மருந்துப் பக்கம் இருப்பவர்களுக்கு இதுதான் முதல் கேள்வி. மருந்தில் உலோக அசுத்தத்துக்கு எல்லை வகுக்கும் சர்வதேச வழிகாட்டுதலான ஐ.சி.எச். கியூ3டி-யின்படி வாய்வழி மருந்தில் ஒரு நாளைக்கு 100 மைக்ரோகிராம் பல்லேடியம் வரை அனுமதி. ஊசி மருந்தில் 10 மைக்ரோகிராம். இப்போது ஒரு கணக்கு போடுவோம். விளைபொருளின் மூலக்கூறு எடை 250, வினையூக்கி 1 மோல் சதவீதம் (நூறு மூலக்கூறுக்கு ஒரு பல்லேடியம் அணு) என்று வைத்துக்கொள்ளுங்கள். போட்ட பல்லேடியம் முழுவதும் விளைபொருளிலேயே தங்கினால் ஏறக்குறைய 4,250 பி.பி.எம். (எடையில் பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). அதில் 98 சதவீதத்தைத் திரும்ப எடுத்துவிட்டோம் என்றால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் மிஞ்சுவது 85 பி.பி.எம். நாளைக்கு ஒரு கிராம் சாப்பிடும் மாத்திரை என்றால் அது எல்லைக்குள் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதே அளவு ஊசியில் போகிறது என்றால் எட்டு மடங்கு அதிகம்.

பணம். இங்கே பலர் கணக்கே போடுவதில்லை. அவுன்ஸ் 1,000 டாலர் என்று வைத்தால் பல்லேடியம் கிராமுக்கு 32 டாலர் வருகிறது. லேபில் 0.1 மோல் அளவு வினைக்கு 1 மோல் சதவீதம் என்பது 106 மில்லிகிராம், அதாவது மூன்றரை டாலர். 2022 மார்ச்சில் விலை அவுன்ஸ் 3,000 டாலரைத் தாண்டியபோதுகூட இது பத்துப் பதினோரு டாலர்தான். இதை மீட்க ஒரு வாரம் துகள் தயாரிப்பவர் உலோகத்துக்காக அதைச் செய்யவில்லை. ஆலையில் 1 கிலோமோல் வினை ஓட்டினால் அதே விகிதத்தில் ஒரு கிலோவுக்கு மேல் பல்லேடியம், 34,000 டாலர். அங்கே பேச்சே வேறு.

வினை நடக்கும் சூழல். அமிலமா, காரமா, ஆக்சிஜனேற்றியா, எத்தனை டிகிரி. பல்லேடியத்தைச் சுமக்கும் தாங்கு பொருள் இதில் பிழைக்குமா?

உங்கள் அளவில் பிரித்தெடுக்கும் சிரமம். 50 மில்லியில் எளிதாக இருப்பது 500 லிட்டரில் எளிதாக இருக்க வேண்டியதில்லை.

அடுத்த முறையும் அதே சரக்கு கிடைக்குமா. கடையில் வாங்கும் பொருளுக்கும், ஒரு மாணவர் தன் கையால் தயாரித்த பொருளுக்கும் உள்ள வித்தியாசம் இது. அவர் படிப்பை முடித்துப் போன பிறகுதான் இது புரியும்.

## கரைந்த பல்லேடியம், பிறகு உறிஞ்சி

பல்லேடியம் அசிடேட்டையும் ஒரு பாஸ்பீனையும் (பல்லேடியத்தோடு பிணைந்து அதன் வேலையை வழிநடத்தும் லிகண்ட்) கரைத்துப் போட்டு, வினை முடிந்ததும் உலோகத்தைத் தயால் (கந்தகக் குழு) ஏற்றிய சிலிக்காவாலோ ஆக்டிவேட்டட் கரியாலோ உறிஞ்சி எடுப்பது. மீட்பு என்ற பேச்சே இதில் கிடையாது. உலோகம் உறிஞ்சியோடு போய்விடும், அளவு பெரிதாக இருந்தால் உறிஞ்சியைச் சுத்திகரிப்பு ஆலைக்கு அனுப்பலாம்.

ஏனோ இதைப் பழங்கால வழி என்று பலர் ஒதுக்குகிறார்கள். நல்ல லிகண்ட் இருந்தால் 0.1 மோல் சதவீதத்துக்கும் கீழே வினையை ஓட்ட முடிகிறது. தொடங்கும்போதே உலோகம் பத்தில் ஒரு பங்குதான் என்றால், கடைசியில் துடைத்தெடுக்க வேண்டியதும் அவ்வளவு குறைவு. வேகமும் இதில்தான் அதிகம், ஏனென்றால் ஒவ்வொரு பல்லேடியம் அணுவும் கரைசலில் வேலை செய்கிறது.

மறைந்திருக்கும் செலவு உறிஞ்சியில்தான். எந்த உறிஞ்சி எந்த மூலக்கூறுக்கு ஒத்துவரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது, நான்கைந்தைப் போட்டுப் பார்க்க வேண்டும். விளைபொருளில் பிரிடின், கந்தகம் மாதிரி பல்லேடியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் இடங்கள் இருந்தால் உறிஞ்சியும் விளைபொருளும் உலோகத்துக்காக மல்லுக்கட்டும். கரி போட்டால் விளைபொருளிலும் கொஞ்சம் அதில் ஒட்டிப் போகும். விலை உயர்ந்த லிகண்ட் குப்பைக்குப் போகிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

## பல்லேடியம்-கரி, செலைட் வடிகட்டல்

5 அல்லது 10 சதவீதப் பல்லேடியம் ஏற்றிய கரித்தூள். எந்த வேதிப்பொருள் கடையிலும் கிடைக்கும், பேட்ச் மாறினாலும் குணம் பெரிதாக மாறாது, அமிலமும் காரமும் கரியை ஒன்றும் செய்யாது. பயன்படுத்தி முடித்ததைச் சுத்திகரிப்பவரிடம் கொடுத்தால் கரியை எரித்துவிட்டு சாம்பலிலிருந்து பல்லேடியத்தை எடுக்கிறார்கள். காந்தத் துகளை அப்படி எரித்தால் இரும்பு ஆக்சைடும் சிலிக்காவும் மலையாக மிஞ்சி நிற்கும், அதிலிருந்து உலோகத்தைப் பிரிப்பது தனி வேலை.

கெட்ட பெயர் இரண்டு. ஒன்று, தீ. ஹைட்ரஜனேற்றம் முடிந்த பல்லேடியம்-கரி ஹைட்ரஜனைப் பிடித்து வைத்திருக்கும். வடிகட்டும்போது செலைட் (வடிகட்டப் பயன்படும் டயட்டம் மண் தூள்) படுகை வறண்டு காற்றைத் தொட்டால் தானாகப் பற்றும், பக்கத்தில் மெத்தனால் ஆவி இருந்தால் கேட்கவே வேண்டாம். நைட்ரஜன் போர்வையில், படுகையை ஈரமாகவே வைத்து வடிகட்டி, கழிவையும் தண்ணீருக்கடியில் வைப்பதுதான் முறை. சுசுகி வினையில் ஹைட்ரஜன் இல்லாததால் இந்த ஆபத்து குறைவு, ஆனால் பழக்கத்தை மாற்ற வேண்டாம். இரண்டு, நேரம். நுண்ணிய கரி வடிதாளை அடைத்துக்கொள்ளும், செலைட்டில் சிக்கியதை அப்படியே அடுத்த வினைக்குப் போடவும் முடியாது.

வடிகட்டி முடித்த பிறகும் கரைசலில் பல்லேடியம் இருக்கும். சுசுகி வினையில் கரியிலிருந்து பல்லேடியம் இறங்கிக் கரைசலில் வேலை செய்துவிட்டு மறுபடி கரியில் ஏறுகிறது என்பது பல ஆய்வுகளில் தெரியவந்த விஷயம். ஏறாமல் விட்டது உங்கள் விளைபொருளில் இருக்கிறது.

## காந்த நானோ துகள்

முதலில் இது எப்படித் தயாராகிறது என்று பார்ப்போம், செலவு அங்கேதான் ஒளிந்திருக்கிறது. இரும்பின் இருவகை அயனிகளை (இரும்பு-2 ஒரு பங்கு, இரும்பு-3 இரண்டு பங்கு) தண்ணீரில் கரைத்து அம்மோனியா விட்டால் மேக்னடைட் என்ற காந்த இரும்பு ஆக்சைடு கறுப்பாக வீழ்படியும். 1981-இல் ரெனே மசார் காட்டிய வழி இது. மலிவு, எளிது, பத்து நானோமீட்டர் அளவில் துகள் கிடைக்கும். அந்த அளவில் மேக்னடைட் சூப்பர்பாராமேக்னெட்டிக். வெளிக் காந்தம் இருக்கும்வரை இழுபடும், எடுத்துவிட்டால் காந்தத்தன்மை போய்விடும், அதனால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் மறுபடி கலங்கும். சாதாரண இரும்புத் தூளுக்கு இல்லாத வசதி இதுதான்.

வெறும் மேக்னடைட்டை அப்படியே விட்டால் காற்றில் மேகமைட் என்ற இன்னொரு இரும்பு ஆக்சைடாக மாறும், அமிலத்தில் கரையும். அதனால் மேலே சிலிக்கா ஓடு போடுகிறார்கள். 1968-இல் வந்த ஷ்டோபர் முறை: எத்தனாலில் அம்மோனியாவும் கொஞ்சம் தண்ணீரும் சேர்த்து டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிகேட்டைச் சொட்டுச் சொட்டாக விடுவது. அதன்மேல் அமினோ சிலேன், அதன்மேல் லிகண்ட், கடைசியில் பல்லேடியம். ஒவ்வொரு படிக்கும் கழுவல், உலர்த்தல். ஷ்டோபர் படியை நீர்த்த கரைசலில்தான் செய்ய முடியும், ஒரு கிராம் துகளுக்கு நூற்றுக்கணக்கான மில்லி எத்தனால் போகும். 'பசுமை வினையூக்கி' என்று தலைப்பில் போடுபவர்கள் இந்த எத்தனாலை யார் கணக்கில் எழுதுகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

ஓட்டின் தடிமனில் ஒரு பொறி இருக்கிறது. 10 நானோமீட்டர் மேக்னடைட்டைச் சுற்றி 20 நானோமீட்டர் ஓடு போட்டால் மொத்த விட்டம் 50. கன அளவில் காந்தப் பொருள் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு, எடையில் ஏறத்தாழ 2 சதவீதம். அதைக் காந்தம் எங்கே இழுக்கும்? ஓட்டை 5 நானோமீட்டருக்குக் குறைத்தால் காந்தப் பொருள் எடையில் கால் பங்கு வரும், ஆனால் மெல்லிய ஓடு அமிலத்தை நிறுத்தாது. ஓடும் வேண்டும் இழுவையும் வேண்டும் என்பவர்கள் மேக்னடைட் கொத்துகளை, நூறு இருநூறு நானோமீட்டர் அளவில், மொத்தமாகச் சுற்றி ஓடு போடுகிறார்கள்.

இழுவையின் இயற்பியலும் அதே பக்கம்தான் பேசுகிறது. காந்த விசை துகளின் கன அளவோடு கூடும், திரவத்தின் தடை ஆரத்தோடு கூடும். ஆகவே துகள் நகரும் வேகம் ஆரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். துகள் பத்தில் ஒரு பங்காகச் சிறுத்தால் வேகம் நூறில் ஒரு பங்கு. நன்றாகப் பிரிந்து நிற்கும் பத்து நானோமீட்டர் துகளைக் கைக்காந்தம் சட்டென்று இழுத்துவிடாது. போட்டோவில் அரை நிமிடத்தில் தெளிகிறது என்றால் துகள்கள் கொத்தாகச் சேர்ந்திருக்கின்றன என்று அர்த்தம். சேர்ந்திருந்தால் அத்தனை பரப்பளவும் வினைக்குக் கிடைப்பதில்லை. உயிரியல் லேப்களில் பல காலமாகக் காந்த மணிகளைக் கையாள்கிறார்கள். கோவிட் காலத்தில் ஆர்.என்.ஏ. பிரிக்கும் பல கிட்களில் இருந்தவை அவைதான். ஆனால் டைனபீட்ஸ் போன்ற மணிகள் மைக்ரான் அளவு. உள்ளே நானோ இரும்பு ஆக்சைடு சிதறியிருக்கும், வெளியே பாலிமர். அவர்கள் நானோ என்ற பெயருக்காக அடம்பிடிக்கவில்லை.

சுசுகி வினைக்கென்று தனியாக ஒரு சிக்கல். அந்த வினைக்குக் காரம் வேண்டும். பொட்டாசியம் கார்பனேட், தண்ணீர் கலந்த கரைப்பான், 80 முதல் 100 டிகிரி. சூடான காரத்தில் சிலிக்கா மெதுவாகக் கரையும். அமிலத்துக்குப் பயந்து போட்ட ஓடு காரத்தில் தேய்கிறது, ஓடு தேய்ந்தால் அதில் கட்டிய லிகண்டும் பல்லேடியமும் சேர்ந்து போகும். இதைவிட நல்ல உறை கார்பன். இ.டி.எச். ஜூரிக்கில் ராபர்ட் கிராஸ், வெண்டலின் ஸ்டார்க் குழு 2007-இல் காட்டிய கார்பன் உறையிட்ட கோபால்ட் துகள்கள் அமிலத்தையும் காரத்தையும் தாங்குகின்றன, காந்தத்தன்மையும் மேக்னடைட்டை விட வலுவானது. விலை மட்டும் மேக்னடைட்டின் விலை இல்லை, கோபால்ட்டும் விளைபொருளில் கண்காணிக்க வேண்டிய உலோகம்.

இன்னொரு விஷயத்தைக் கட்டுரைகளின் செய்முறைப் பகுதியில் தேடினாலும் பெரும்பாலும் கிடைக்காது. மேக்னெட்டிக் ஸ்டிரரில் வைத்தால் துகள் முழுவதும் கலக்கும் குச்சியில் போய் ஒட்டிக்கொள்ளும். மேலிருந்து சுழலும் மெக்கானிக்கல் ஸ்டிரரோ குலுக்கியோ வேண்டும். ஆக்சிஜனேற்ற வினைக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஹைட்ரஜன் பெராக்சைடு இருந்தால் இரும்பே அதை உடைத்துத் தீவிர ஆக்சிஜனேற்றிகளாக்கும் பெண்டன் வினையைத் தொடங்கிவிடும், வேலை செய்தது உங்கள் வினையூக்கியா இரும்பா என்று தெரியாது.

இவ்வளவு குறை சொன்னேன் என்பதால் இது உதவாது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வடிகட்டவே முடியாத கலவைகள் உண்டு. மரத்தூளையோ செல்லுலோஸையோ திட அமில வினையூக்கியால் உடைக்கிறீர்கள், வினை முடிந்ததும் பாதி கரையாத நார் மிஞ்சுகிறது. அந்தச் சேற்றிலிருந்து வினையூக்கியை மட்டும் எந்த வடிதாள் பிரிக்கும்? காந்தம் பிரிக்கும். காற்றுப் படக்கூடாத வினையில் பிளாஸ்க்கைத் திறக்காமலே வெளியிலிருந்து துகளைப் பிடித்து நிறுத்தி, திரவத்தை ஊசியால் உறிஞ்சி, புது வினைபொருளை உள்ளே விடலாம். உலோகத்தைவிடப் பல மடங்கு விலையுள்ள கைரல் லிகண்ட் (விளைபொருளின் இடது-வலது வடிவங்களில் ஒன்றைத் தேர்ந்து உருவாக்க உதவுவது), நொதி போன்றவற்றை ஏற்றியிருந்தாலும் மீட்பு கணக்குக்கு வரும். 2008-இல் ஹனோவரில் ஆண்ட்ரியாஸ் கிர்ஷ்னிங் குழு காட்டியபடி, மாறுகாந்தப் புலத்தில் துகளையே சூடாக்கி வினைக்கு வெப்பம் கொடுக்கவும் முடியும். வழக்கமான தாங்கு பொருள்கள் செய்யாத வேலை இது.

## நிரப்புக்குழாய், ஓடும் வினை

வினையூக்கி மணிகளைக் குழாயில் நிரப்பிக் கரைசலை அதன் வழியாக ஓட்டுவது. பிரிப்பது என்ற படியே இல்லை. ஹைட்ரஜனேற்றத்துக்கு எச்-கியூப் போன்ற கருவிகள் வினையூக்கி அடைத்த கார்ட்ரிட்ஜோடு வருகின்றன, அங்கே இது அருமையாக ஓடுகிறது. லிப்பேஸ் நொதிக்காரர்கள் நோவோசைம் 435 மணிகளை, அரை மில்லிமீட்டர் அளவு அக்ரிலிக் ரெசின், ஆண்டுக்கணக்காகப் பயன்படுத்துகிறார்கள். சல்லடையிலேயே நின்றுவிடும் மணிக்குக் காந்தம் எதற்கு?

சுசுகிக்கு இது அவ்வளவு பொருந்தாது. இறங்கி ஏறும் பல்லேடியம் குழாயில் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் கொஞ்சம் முன்னால் போய் உட்காரும், நாளடைவில் வெளிவாசலை அடைந்துவிடும். வினையில் உண்டாகும் உப்பு படிந்து குழாய் அடைக்கும். பம்பு, அழுத்தக் கட்டுப்பாடு என்று முதலீடும் உண்டு.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | கரைந்த பல்லேடியம் + உறிஞ்சி | பல்லேடியம்-கரி | காந்தத் துகள் | நிரப்புக்குழாய் |
|---|---|---|---|---|
| வேகம் | மிக அதிகம் | நடுத்தரம் | நடுத்தரம், கொத்தானால் குறைவு | மணியின் துளைகளைப் பொறுத்தது |
| விளைபொருளில் உலோகம் | உறிஞ்சி நன்றாக இருந்தால் குறைவு | கசிவு உண்டு | கசிவு உண்டு | கசிவு உண்டு, தாமதமாகத் தெரியும் |
| அமிலம் | பிரச்சினை இல்லை | தாங்கும் | சிலிக்கா ஓடு சந்தேகம், கார்பன் உறை தாங்கும் | ரெசினைப் பொறுத்தது |
| சூடான காரம் | பிரச்சினை இல்லை | தாங்கும் | சிலிக்கா தேயும் | சிலிக்கா தேயும் |
| பிரிக்கும் சிரமம் | உறிஞ்சித் தேர்வு | செலைட், தீ ஆபத்து | லேபில் எளிது, ஆலையில் தனிக் கருவி | இல்லை |
| மறைந்த செலவு | லிகண்ட் வீண் | வடிகட்டும் நேரம் | தயாரிப்பு, கரைப்பான், ஸ்டிரர் | பம்பு, அடைப்பு |
| பேட்ச் சீர்மை | நன்று | நன்று | கைத்தயாரிப்பில் மோசம் | நன்று |

ஆலைக் கருவி பற்றி ஒரு வார்த்தை. காந்தப் புலம் தூரம் கூடக்கூட வேகமாகக் குறையும், 500 லிட்டர் ரியாக்டரின் நடுவில் இருக்கும் துகளுக்கு வெளியிலிருக்கும் காந்தம் தெரியவே தெரியாது. தேயிலை ஆலைகளில் தூளிலிருந்து இரும்புத் துணுக்கைப் பிடிக்கக் காந்தங்களைத் தூள் ஓடும் பாதையிலேயே வைப்பது போல, கரைசலை எஃகு நார் நிரப்பிய காந்தப் பிரிப்பான் வழியாக ஓட்ட வேண்டும். கயோலின் களிமண்ணை வெளுக்க இந்த வகைப் பிரிப்பான்கள் ஆண்டாண்டு காலமாக ஓடுகின்றன, தொழில்நுட்பம் புதிதல்ல. ஆனால் அது இன்னொரு எந்திரம், இன்னொரு செலவு.

## யாருக்கு எது

மருந்து இடைப்பொருள், சுசுகி, கிலோ அளவு என்றால் கரைந்த பல்லேடியத்தைக் குறைந்த அளவில் போட்டு, நல்ல உறிஞ்சியைத் தேடுங்கள். நான்கில் இதைத்தான் முதலில் முயல்வேன். நைட்ரோ சேர்மத்தை அமீனாக்குவதா? பல்லேடியம்-கரி, யோசிக்கவே வேண்டாம். நாள் முழுக்க ஒரே ஹைட்ரஜனேற்றம் ஓட வேண்டும் என்றால் குழாய். கலவையில் வேறு திடப்பொருள் இருக்கிறது, அல்லது காற்றுப் படாமல் பலமுறை சுழற்ற வேண்டும், அல்லது ஏற்றியிருப்பது விலை உயர்ந்த லிகண்டோ நொதியோ என்றால் காந்தத் துகள், அதுவும் முடிந்தவரை காரம் குறைந்த வினைக்கு.

இதில் அரசியலும் கொஞ்சம் உண்டு. காந்தத் துகள் என்றால் கட்டுரை எளிதாக வெளியாகிறது, வழிகாட்டி அதைத்தான் செய்யச் சொல்கிறார். சரி, செய்யுங்கள். ஆனால் கீழே உள்ளதையும் சேர்த்துச் செய்யுங்கள்.

## மாறுவதற்கு முன் மூன்று சோதனை

ஐந்து சுழற்சி, விளைச்சல் 95, 94, 94, 93, 92 சதவீதம் என்ற பட்டை வரைபடத்தை எல்லாரும் போடுகிறார்கள். இரண்டு மணி நேரத்தில் முடியும் வினையை ஆறு மணி நேரம் ஓட்டினால் வினையூக்கியில் பாதி செத்திருந்தாலும் 92 வரும். ஒவ்வொரு சுழற்சியிலும் முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களில், மாற்றம் 20, 30 சதவீதத்தில் இருக்கும்போது அளந்து வேகத்தை ஒப்பிடுங்கள். சரிவு அங்கேதான் தெரியும்.

இரண்டாவது, சூடாக வடிகட்டும் சோதனை. வினை பாதியில் இருக்கும்போது, ஆறவிடாமல், துகளை எடுத்துவிட்டு வடிநீரைத் தொடர்ந்து சூடாக்குங்கள். வினை முன்னேறினால் பல்லேடியம் கரைசலில் இருக்கிறது. ஆறவிட்டாலோ வினை முடிந்த பின் செய்தாலோ பல்லேடியம் துகளுக்குத் திரும்பியிருக்கும், சோதனை பொய் சொல்லும். கூடவே விளைபொருளை ஐ.சி.பி.-எம்.எஸ். என்ற நுண்ணளவு உலோகச் சோதனைக்கு அனுப்புங்கள். பலர் மீண்ட துகளை மட்டும் அனுப்புகிறார்கள், மருந்தாகப் போவது துகள் இல்லையே.

மூன்றாவது, வினையூக்கி போடாத வெற்றுச் சோதனை. நிக்கோலஸ் லெட்பீட்டர் குழு 2003-இல் உலோகமே இல்லாமல் சுசுகி வினை நடப்பதாக அறிவித்தது. பிறகு 2005-இல் அவர்களே தேடிப் பார்த்ததில், போட்ட சோடியம் கார்பனேட்டில் 50 பி.பி.பி. (நூறு கோடியில் 50 பங்கு) அளவுக்குப் பல்லேடியம் இருந்தது தெரிந்தது. மாஸ்கோவில் வாலண்டைன் அனானிகோவ் குழு 2019-இல் காட்டியது இன்னும் சங்கடமானது: பழைய டெஃப்லான் பூசிய கலக்கும் குச்சிகளின் கீறல்களில் முந்தைய வினையின் உலோகம் ஒளிந்திருந்து அடுத்த வினையை ஓட்டுகிறது. ஆகவே வெற்றுச் சோதனைக்குப் புது பிளாஸ்க், புதுக் கலக்கி, புதிதாகத் திறந்த காரம். துகளே போடாமல் ஒன்று, வெறும் மேக்னடைட்டோடு ஒன்று, சிலிக்கா ஓடு மட்டும் போட்டதோடு ஒன்று என்று மொத்தம் மூன்று வெற்று வினைகள் ஓட்டுங்கள், ஒரு மதியத்து வேலைதான்.